உள்பக்கத் தாழ்ப்பாள்

காலை நாலரைக்கே விழிப்பு வந்துவிடுகிறது. இந்த நோட்டை எடுத்துக்கொண்டு பால்கனியில் வந்து உட்கார்கிறேன். வீட்டு வரவு செலவு எழுத வாங்கிய நோட்டு. இரண்டு மாதமாக இதில் முதியோர் இல்லங்களைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஓர் இல்லத்துக்கு ஒரு பக்கம். மேலே ஊர், கீழே மாதத் தொகை, நடுவில் நான் பார்த்தவை.

அத்தைக்கு 84 வயது. மயிலாடுதுறையில் கணக்கு டீச்சராக இருந்து 1999இல் ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தை மாதம் கொல்லைப்பக்கம் துணி காயப்போடப் போய் வழுக்கி விழுந்தார். இடுப்பு மூட்டில் பந்து உடைந்து, உலோகப் பந்து வைத்தார்கள். இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார். கூடவே இருக்க ஆள் வைத்தோம். ஐந்து மாதத்தில் நான்கு பேர் மாறினார்கள். ஏஜென்சி கடைசியாக அனுப்பிய பெண், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கடைக்குப் போய்வருகிறேன் என்று போனவள் வரவேயில்லை. அன்று ராத்திரி முழுக்க அத்தை நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். போன் கைக்கெட்டாத தூரத்தில் சார்ஜில் கிடந்தது. விடிந்ததும் பால்காரர் பார்த்து, எனக்குத் தகவல் சொன்னார்.

நாங்கள் இருப்பது சென்னையில், மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. மனைவி தன் அம்மாவை ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கிறாள். யாரும் கேட்காமலே இதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். இப்போது இங்கேயும் எழுதிவிட்டேன்.

*

பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறோம். உடம்பு சரியில்லாதவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறோம். முதியோர் இல்லம் என்றதும் வினைச்சொல் மாறிவிடுகிறது. ‘கொண்டுபோய் விட்டுட்டான்.’ ‘தள்ளிட்டான்.’

சித்தப்பா மகன் போன் செய்தான். “அத்தையை ஹோம்ல தள்ளப் போறியாமே?” அவன் அத்தையைக் கடைசியாகப் பார்த்தது 2016இல், ஒரு கல்யாணத்தில். அதைச் சொல்லிக் காட்டலாம் என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அந்தச் சொல்லுக்குப் பயந்துதானே நானும் நான்காவது ஆள் போகிறவரை காத்திருந்தேன்.

“நம்ம வழக்கத்துலேயே இல்லாதது” என்றான் பிறகு. அது முழு உண்மை இல்லை. நான் வேலை பார்த்த வங்கிக் கிளை பழைய வண்ணாரப்பேட்டையில். அந்தப் பக்கத்துப் பழைய ஆட்கள் ஸ்டான்லி ஆஸ்பத்திரியைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். 1782 வாக்கில், ஹைதர் அலியோடு நடந்த போரும் பஞ்சமும் சேர்ந்து ஜனங்களைச் சென்னைக்கு விரட்டியபோது, மணியக்காரர் ஒருவர் கஞ்சி ஊற்றத் தொடங்கிய இடம் அது. மணியக்காரர் சத்திரம் வெள்ளைக்காரர் வாயில் ‘மோனிகர் சௌல்ட்ரி’ ஆயிற்று. சத்திரத்தை ஒட்டி வந்த வைத்தியசாலை வளர்ந்து பெரிய ஆஸ்பத்திரியானது. சத்திரம், போக்கிடமில்லாத வயசாளிகளின் இடமாக நின்றது.

ஆக, வழக்கத்தில் இருந்திருக்கிறது. போக்கிடமில்லாதவர்களுக்கு என்று இருந்திருக்கிறது. சிக்கலே அங்கேதான். உறவு இருக்கிறவர் அங்கே போய்ச் சேர்ந்தால், தனக்கு யாரும் இல்லை என்று ஊருக்கு அறிவித்தது போல ஆகிவிடுகிறது. அந்த அறிவிப்பில் என் பெயரும் இருக்கிறது என்பதுதான் எனக்குச் சுடுகிறது போலும்.

*

சட்டப்படியும் என் பெயர் இருக்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் வந்தது. பெற்ற பிள்ளைகளைப் பற்றியது என்றே நினைத்திருந்தேன். பிள்ளை இல்லாத மூத்த குடிமக்களுக்கும் அதில் இடம் உண்டு. அவர்களுடைய சொத்தை வைத்திருக்கிற, அல்லது அவர்களுக்குப் பின் அந்தச் சொத்து வந்துசேரப் போகிற உறவினர், வசதி இருந்தால், பராமரிக்கக் கடமைப்பட்டவர். அத்தை வீடு அத்தை பெயரில். அவருக்குப் பின் அதில் எனக்கும் அக்காவுக்கும் பங்கு வரும். வழக்கு என்று போனால் கோட்டாட்சியர் முன்னால் நாங்களும்தான் நிற்க வேண்டும். மாதம் அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை கொடுக்கச் சொல்லலாம் என்று சட்டம் எழுதிவைத்திருக்கிறது. நான் பார்த்த இல்லம் எதுவும் அந்தப் பணத்துக்கு ஒரு கட்டில்கூடத் தராது.

இதைப் படித்த அன்று ஒரு விஷயம் புரிந்தது. அன்பு எவ்வளவு, வீட்டின் மேல் கண் எவ்வளவு என்று பிரித்துக் காட்ட என்னிடம் தராசு இல்லை. எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

*

எந்த மாதிரி இல்லம் வேண்டும் என்று தெரிவதற்கு முன்னால் அத்தைக்கு என்ன முடியும், என்ன முடியாது என்று தெரிய வேண்டும். கிண்டியில் 2024இல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பதினோரு மாத்திரைகளோடு போனோம். ஒரே வேலைக்கு இரண்டு இருந்தன. இன்னொன்று, முன்பு எப்போதோ வந்த வயிற்றெரிச்சலுக்குக் கொடுத்தது, யாரும் நிறுத்தச் சொல்லாததால் தொடர்ந்துகொண்டிருந்தது. ஏழோடு திரும்பினோம்.

ஞாபகசக்தி பார்க்க ஒரு கடிகாரம் வரையச் சொன்னார்கள். வட்டம் போட்டு, எண்களை எழுதி, பதினொன்று பத்து என்று முள் வைக்க வேண்டும். அத்தை முதலில் பன்னிரண்டு, மூன்று, ஆறு, ஒன்பது என்று நான்கையும் குறித்துக்கொண்டு பிறகுதான் மற்றவற்றை நிரப்பினார். சின்ன முள்ளைப் பதினொன்றுக்கு நேராக வைக்காமல் கொஞ்சம் தள்ளி வைத்தார். டாக்டர் பார்த்துச் சிரித்தார். “பத்து நிமிஷம் ஆயிருக்கே, அது அங்கேயே நிக்குமா?” என்றார் அத்தை.

கால்தான் போயிருக்கிறது. அப்படியென்றால் தீர்மானிக்க வேண்டியவர் அவர். அன்றைக்கே இது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

*

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓர் இடம். வரவேற்பறையில் பளிங்குத் தரை, தண்ணீர் விழும் சுவர். வாக்கர் வைத்திருப்பவருக்குப் பளிங்கு என்பது வழுக்குப்பாறை. பிறகு யாருக்காக அது? என் போன்றவர்களுக்காக. துண்டுப் பிரசுரத்தில் உள்ள ஒவ்வொரு வரியும் என்னைப் பார்த்துத்தான் பேசியது. ‘நீங்கள் நிம்மதியாக இருக்கலாம்.’ ஒவ்வோர் அறையிலும் கேமரா. வெளிநாட்டில் இருந்தாலும் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றார் மேலாளர், ஒரு பரிசைப் போல.

அத்தை வீட்டுக்குப் போனபோது அதைப் பெருமையாகச் சொன்னேன். “நான் புடவை மாத்துறதும் தெரியுமா?” என்று கேட்டார்.

*

கோவை, தொண்டாமுத்தூர் சாலை. மலை தெரிகிறது, காற்று நன்றாக இருக்கிறது, தனித்தனி வீடுகள், பொதுச் சமையல்கூடம். காலையில் வயதானவர்கள் கூட்டமாக நடக்கிறார்கள். மாலையில் பஜனை, சீட்டுக் கச்சேரி. எனக்கே இருந்துவிடலாம் போல இருந்தது. ஒப்பந்தத்தை வாங்கிப் படித்தேன். தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள முடிகிறவர்களுக்கான இடம் அது. படுத்துவிட்டால் ஆளை நாமே ஏற்பாடு செய்ய வேண்டும், இல்லையென்றால் வேறு இடம் பார்க்க வேண்டும். ஏமாற்று எதுவும் இல்லை, தெளிவாகவே அச்சடித்திருக்கிறார்கள். ஆனால் எல்லாவற்றையும் முதியோர் இல்லம் என்ற ஒரே பெயரில் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஓய்வுக்குப் பின் குடியேறும் குடியிருப்பு வேறு. கைபிடித்துக் குளிப்பாட்டிவிடும் இடம் வேறு. மூக்குக் குழாய் வைத்துப் பார்க்கிற இடம் வேறு. ஒன்றைத் தேடிப் போய் இன்னொன்றில் பணம் கட்டிவிட்டு வருகிறவர்கள் நிறையப் பேர் என்று அங்கே ஒரு பெரியவரே சொன்னார்.

*

வேறோர் இல்லத்தின் சுவரில் அட்டவணை தொங்கியது. படுக்கையிலேயே இருப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகுத் தண்டின் அடியில் புண் விழும். மல்லாக்க, இடது, வலது என்று கட்டம் போட்டு, நேரம் எழுதி, கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். நல்ல ஏற்பாடு என்று நினைத்துக்கொண்டு கிட்டே போனேன். நான் நின்ற நேரம் சாயங்காலம் நாலு மணி. ராத்திரி பத்து மணிக் கட்டம் வரை கையெழுத்து விழுந்திருந்தது. ஒரே பேனா.

அந்தப் பக்கத்தின் கீழே மாதத் தொகை எழுதவில்லை.

*

நகம் பார்க்கக் கற்றுக்கொண்டேன். தரையையும் திரைச்சீலையையும் எவரும் ஒரு மணி நேரத்தில் சரிசெய்துவிடலாம். இருபது பேரின் கைநகமும் கால்நகமும் வெட்டியிருக்கிறது என்றால், ஒவ்வொருவர் காலடியிலும் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பொருள். மூக்குக் கண்ணாடி துடைத்திருக்கிறதா. தண்ணீர்ச் செம்பு கைக்கெட்டுகிறதா. கூப்பிடு மணியின் வயர் கட்டிலில் தொங்குகிறதா, அல்லது ‘சும்மா சும்மா அமுக்குறாங்க’ என்று சுருட்டி மேலே சொருகியிருக்கிறார்களா. சொல்லாமல் போனேன், பெரும்பாலும் ஞாயிறு சாயங்காலம், ஆட்கள் குறைந்திருக்கிற நேரம். ஆயாக்களிடம் “எத்தனை வருஷமா இருக்கீங்கம்மா?” என்று கேட்பேன். ஓர் இடத்தில் மூவரைக் கேட்டேன். மூவருமே வந்து மூன்று மாதம் ஆகவில்லை.

சென்னை இல்லங்களில் அட்டெண்டர் பெண்கள் பலர் ஒடிசாவிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்தவர்கள். வீட்டை விட்டு அத்தனை தூரம் வந்து, யாரோ பெற்ற அம்மாவுக்குத் தலை வாரிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன இருக்கிறது. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு ‘அடிவயித்தை இழுத்துப் பிடிக்குது’ என்பதை அத்தை எந்த மொழியில் சொல்வார்?

*

ஒரு முறை நோட்டை மயிலாடுதுறையில் மறந்து வைத்துவிட்டு வந்துவிட்டேன். அடுத்த வாரம் போனபோது அத்தை எடுத்துக் கொடுத்தார். படித்திருக்கிறார். மூன்று பக்கங்களில் கூட்டலைப் பென்சிலால் திருத்தியிருந்தார். டயபரும் மருந்தும் பிசியோதெரபியும் தனி என்பதை நான் கூட்டலில் சேர்க்கவே இல்லை. 28,000 என்று எழுதியிருந்த இடம் 37,400 ஆகியிருந்தது.

“அஞ்சு இடம் பாத்திருக்கியே தம்பி, ஒண்ணுலயாச்சும் நான் உக்காந்து பாக்க வேணாமா?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பரீட்சைத் தாளைத் திருப்பிக் கொடுக்கிற குரல்.

கடைசிப் பக்கத்தில் மூன்று கேள்விகள் எழுதியிருந்தார். உள்ளே தாழ்ப்பாள் உண்டா. செய்தித்தாள் எத்தனை கை மாறி வரும். எனக்கு முன்னால் அந்தக் கட்டிலில் இருந்தவர் என்ன ஆனார்.

என்னிடம் இருபத்து மூன்று கேள்விகள் இருந்தன. இந்த மூன்றும் அதில் இல்லை.

*

பிறகு பார்த்த மூன்று இடங்களுக்கும் அத்தையைக் காரில் கூட்டிக்கொண்டு போனேன். கேள்விகளை அவரே கேட்டார். முதல் இடத்தில் மூன்றாவது கேள்விக்கு, “அதெல்லாம் எதுக்கும்மா, நல்லதையே பேசுவோம்” என்று பதில் வந்தது. அத்தை வாக்கரைத் திருப்பிக்கொண்டார்.

இரண்டாவது இடத்தில் நிழலும் மரங்களும் சுத்தமும் இருந்தன. ஆறு மணி ஆனதும் ஓர் ஆயா தாழ்வாரத்தின் கடைசி இரண்டு அறைகளை வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்தார். உள்ளேயிருந்து தட்டும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. “அவங்க சாயங்காலமானா வீட்டுக்குப் போகணும்னு கிளம்பிடுவாங்க சார், ரோட்டுக்குப் போயிட்டா யார் பொறுப்பு?” என்றார். பொழுது சாயச் சாய மறதி நோய்க்காரர்களுக்குத் தவிப்பு கூடும் என்பது உண்மை. கூடவே நடந்து, பேச்சுக் கொடுத்து, முற்றத்தை நாலு சுற்று சுற்றிவந்தால் தணியும், அதற்கு ஆள் வேண்டும். தாழ்ப்பாளுக்குச் சம்பளம் இல்லை. அந்த ஆயாவின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் ஒருத்தர், அங்கே இருந்தவர்கள் பதினான்கு பேர்.

காரில் ஏறியதும் அத்தை கேட்டார். “தாழ்ப்பாள் இருக்கான்னு கேட்டேன், எந்தப் பக்கம்னு கேக்கல பாரு.”

*

மூன்றாவது இடம் கும்பகோணத்துக்கும் திருவையாற்றுக்கும் நடுவில். பழைய முற்றம் வைத்த வீடு, பின்னால் புதிதாகக் கட்டிய எட்டு அறைகள், பதினெட்டுப் பேர். ஃபினாயில் வாடையும் இல்லை, ஊதுவத்தி வாடையும் இல்லை. வெங்காயம் வதங்கும் வாசனை வந்தது. தாழ்வாரச் சுவரில் முதியோர் உதவி எண் 14567, சக்கர நாற்காலியில் இருப்பவர் கண்ணுக்கு நேராக ஒட்டியிருந்தார்கள். தங்கள் மேலேயே புகார் சொல்ல வழி காட்டி வைத்திருக்கிற இடம். கழிப்பறையில் பிடிகம்பி இருந்தது, நான் தொங்கிப் பார்த்தேன், ஆடவில்லை. வாசல்படி ஒன்று உயரம் அதிகம். பேப்பர் இரண்டு வரும், பதினொரு மணிக்கு மேல்தான் கைக்கு வரும் என்றார்கள். அத்தை முகம் சுளித்தார்.

மேட்ரன் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்றாவது கேள்வியைக் கேட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டு அத்தைக்கு எதிரே உட்கார்ந்தார். “அவங்க ஆறு வருஷம் இருந்தாங்க டீச்சர். கடைசியில நெஞ்சுல சளி கட்டிக்கிச்சு. ஐசியு வேண்டாம்னு முன்னாடியே எழுதிக் கொடுத்திருந்தாங்க. பையன் பெங்களூர்லேருந்து வந்து நாலு நாள் கூட இருந்தாரு. காலைல அஞ்சரை மணி. நான்தான் பக்கத்துல இருந்தேன். மூணு மணி நேரம் இங்கேயே முற்றத்துல வச்சிருந்தோம், எல்லாரும் வந்து பாத்தாங்க.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “அவங்களுக்கு ரசம் காரமா இருக்கணும்” என்றார்.

அத்தை தலையாட்டினார். நான் அந்தப் பக்கத்தில் எதுவும் எழுதிக்கொள்ளவில்லை.

சென்னையிலேயே பார்த்தால் நான் வாரா வாரம் வரலாமே என்று திரும்பும் வழியில் சொன்னேன். “நீ வாரத்துல ஒரு நாள் வருவ. மத்த ஆறு நாளும் நான் யார்கிட்ட பேசுறது?” என்றார். ஆயாக்களில் ஒருத்தி அவருடைய பழைய மாணவியின் மகள் என்பதை அதற்குள் கண்டுபிடித்திருந்தார்.

*

உடனே சேர்க்க வேண்டாம், பதினைந்து நாள் இருந்து பாருங்கள் என்றார் மேட்ரன். முன்பணத்தையும் அதற்குப் பிறகு கட்டினால் போதும். அத்தை பதினைந்து நாளும் இருந்தார். ஐந்தாம் நாள் போனில் அழுதார். அது எதற்காக என்று கேட்டேன், “ஒண்ணுமில்ல, நம்ம வீட்டு ஜன்னல் ஞாபகம்” என்றார். அன்று ராத்திரி நான் பையில் துணி எடுத்து வைத்துவிட்டேன், விடிந்ததும் போய் அழைத்து வந்துவிடுவதென்று. ஆறாம் நாள் காலை அவரே பேசினார். இட்லி நன்றாக இருந்ததாம். துணியை எடுத்து மறுபடி அலமாரியில் வைத்தேன். அழைத்து வந்திருந்தால் எங்கே கூட்டிக்கொண்டு போயிருப்பேன் என்பதற்கு இப்போதும் என்னிடம் பதில் இல்லை.

தாழ்ப்பாள் விஷயம்தான் இழுபறியாக இருந்தது. மேட்ரன் முடியவே முடியாது என்றார். முன்பு ஓர் அம்மா உள்ளே தாழிட்டுக்கொண்டு விழுந்து, கதவை உடைக்க வேண்டி வந்ததாம், உடைக்கும் கதவுக்குப் பின்னாலேயே அவர் கிடந்தாராம். மேட்ரன் சொல்வதும் சரி. அத்தை விடவில்லை. “அறுபது வருஷமா ராத்திரி நானே எந்திரிச்சுப் போய் தாழ்ப்பாள் போட்டுட்டுத்தான் படுப்பேன். யார் வேணா எப்ப வேணா உள்ளே வரலாம்னா அது வார்டு, ரூம் இல்ல.”

கும்பகோணத்தில் ஒரு ஹார்டுவேர் கடைக்காரர் வழி சொன்னார். குளியலறைக் கதவுக்குப் போடுகிற பூட்டு ஒன்று உண்டு. உள்ளேயிருந்து திருகிப் பூட்டிக்கொள்ளலாம். வெளிப்பக்கம் ஒரு சின்னக் காடி இருக்கும், அவசரத்துக்கு அதில் ஒரு ரூபாய்க் காசை வைத்துத் திருப்பினால் திறந்துகொள்ளும். பூட்டு 380 ரூபாய். ஆசாரி 300 வாங்கினார். கதவும் வெளிப்பக்கமாகத் திறக்கும்படி கீலை மாற்றிப் போடச் சொன்னார் மேட்ரன், அதற்கு இன்னொரு 200. காசு அவருடைய மேசை இழுப்பறையில் இருக்கிறது.

*

நேற்று ஞாயிறு. மத்தியானம் இரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். சாப்பிட்டுப் படுத்திருக்கிறார் என்றார்கள். கதவைத் தட்டினேன். “யாரு?” என்றார். சொன்னேன். “இரு, வரேன்.” கட்டில் முனகுவதும், வாக்கரின் ரப்பர்க் கால் தரையில் பதிவதும் கேட்டது. ஓர் ஆயா அந்தப் பக்கமாகப் போனவள், நான் வெளியே நிற்பதைப் பார்த்துவிட்டு, காசு கொண்டுவரட்டுமா என்று சைகையில் கேட்டாள். வேண்டாம் என்றேன்.

அத்தை வந்து திறக்க மூன்று நிமிடம் ஆயிற்று.